மொட்டை மாடித் தண்ணீர்

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டை மாடியில் நீல டிரம்மில் நிற்கும் கத்தரிச் செடிக்கு, பங்குனி பிறந்துவிட்டால், அதைவிட அதிகம். முதல் ஒதுக்கீட்டைச் செய்தவர் அடையாறில் இருக்கும் சிறுநீரக மருத்துவர். இரண்டாவதைச் செய்தவள் என் மனைவி. இரண்டையும் அமல்படுத்துவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

கோட்டையில் பணிக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவனுக்கு இப்படிப் பொறுப்புகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் அடுக்ககத்தில் யாருக்காவது வாரிசுச் சான்றிதழோ பட்டா பெயர் மாற்றமோ வேண்டுமென்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்த அதிகாரியை மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சர்க்கரை அவளுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்துவிட்டது என்று தெரிந்த அன்றும், இதற்கு நடைமுறை என்ன என்றுதான் முதலில் கேட்டேன். நடைமுறை இருந்தது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. அந்த எடை சதையில்லை, வெளியேற வழி தெரியாமல் உடம்புக்குள் நிற்கும் தண்ணீர். கூடினால் முதலில் காலில் தேங்கும். பிறகு நுரையீரலில்.

ஆகவே காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிச் சமையல் மேடையில் வைப்பேன். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான். அவள் காபி குடித்தால் அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து தண்ணீரை அளந்து எடுத்து, ஜன்னலோரம் இருக்கும் மணி பிளாண்ட்டில் ஊற்றிவிடுவேன். ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர், எல்லாவற்றுக்கும் இதே விதி. மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொல்லிக்கொடுத்த முறை இது. நான் அதில் கொஞ்சம் கறாரைச் சேர்த்தேன். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டேன். வீட்டில் செழிப்பாக வளர்ந்தது அந்த மணி பிளாண்ட் ஒன்றுதான்.

மாடித் தோட்டம் நோய்க்கு முந்தியது. அவள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு தன் பேச்சைச் சுருக்கிக்கொண்ட உத்தியோகம். ஓய்வு பெற்ற மறு வாரமே ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அங்கே பட்டறைகளில் காலியாகும் நீல பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து விற்பார்கள். இதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுத்தான் வாங்குவாள். சோப்புத் திரவம் என்றால் எடுத்துக்கொள்வாள். கடைக்காரர் யோசித்துப் பதில் சொன்னால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுவாள்.

குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கியது நான். தளம் எடை தாங்குமா என்பதற்குப் பொறியாளர் கடிதம், கசிவு வந்தால் நாங்களே பொறுப்பு என்ற உறுதிமொழி, டிரம்கள் செங்கல் மேல்தான் நிற்கும் என்ற வரைபடம். ஆட்சேபிக்க நினைத்தவர்கள் அதைப் படித்து முடிக்கவே இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலை நுனி கருகும். குடிக்கிற மெட்ரோ தண்ணீரே வேண்டும் என்றாள். சங்கத்தில் இன்னொரு தீர்மானம் போட வைத்து மாடிக்கு ஒரு தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தேன். மூடி போட்ட வெள்ளை டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, தக்காளி, அரைக்கீரை, இரண்டு தொட்டியில் மல்லிப்பூச் செடி, ஓரமாக ஒரு செம்பருத்தி.

நோய் வந்தபின் உணவு ஆலோசகர் கொடுத்த தாளைப் பார்த்தால், எங்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போல இருந்தது. தக்காளி கூடாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடலாம், அதுவும் கொஞ்சம். அப்படிச் சமைத்த கீரைக்கும் நனைந்த காகிதத்துக்கும் ருசியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஊரே வெயிலுக்கு இளநீர் குடிக்கும்போது அவளுக்கு அது விஷம். விளைந்ததெல்லாம் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கும், கீழ்த் தளத்துக்காரர்களுக்கும் போயிற்று. அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று ஒரு தரம் கேட்டேன்.

"நீங்க ரிட்டயர் ஆனப்புறமும் அடுத்தவங்க ஃபைலைப் பாக்கறீங்களே, அது எதுக்கு?" என்றாள்.

இந்தக் கோடையும் வழக்கம் போலத்தான் தொடங்கியது. மெட்ரோ ரயில் வேலையின் புழுதி இலைகள் மேல் படிந்தது. மாவுப்பூச்சி செம்பருத்தியில் ஏறி, அங்கிருந்து கத்தரிக்குக் குடிபெயர்ந்தது. தக்காளி பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. மேலே பச்சை வலை கட்டியும் பத்து மணிக்குத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. விடிந்ததும் அவள் மாடிக்குப் போய்விடுவாள். லிஃப்ட் எங்கள் தளத்தோடு நின்றுவிடும், மேலே ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுவாள். ஒரு மணி நேரம் கழித்து, புடவைக் கரை நனைந்து, முகம் தெளிந்து இறங்கி வருவாள். செடிகள் மனதுக்கு நல்லது என்று மகளிடம் சொன்னேன். மருத்துவரிடமும் சொன்னேன். அவர் ஆமோதித்தார்.

சித்திரை நடுவில் எடை ஏறத் தொடங்கியது.

டயாலிசிஸ் மையத்தில் நாற்காலியில் உட்காருவதற்கு முன் எடை பார்ப்பார்கள். அங்கே இருக்கும் டெக்னீஷியன் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சிரித்துக்கொண்டே கடிந்துகொள்வாள். "என்னம்மா, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா? இவ்வளவு ஏத்திட்டு வந்திருக்கீங்க?" என்றாள். அதிகத் தண்ணீரை அதே நான்கு மணி நேரத்துக்குள் உறிஞ்ச வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கும். வீடு திரும்பும்போது அவள் முகம் சுண்ணாம்பு போல இருக்கும்.

விசாரணையைத் தொடங்கினேன். பாட்டில் சரியாக இருந்தது. கோடுகள் சரியாக இருந்தன. எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவள், முன்பு ஆற்றோரம் குடியிருந்து இப்போது ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள், இரண்டு பஸ் மாறி வந்து சேர்வாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மாவுக்கு நீ டீ எதுவும் போட்டுக் குடுக்கறியா?"

"எனக்கே நீ டீ குடுக்கறதில்ல சார். நான் எங்கேர்ந்து அம்மாவுக்குப் போட்டுக் குடுக்கறது?"

"தண்ணி?"

"இன்னா சார் நீ, ஸ்டேசன்ல கேக்குற மாதிரி கேட்டுக்கினு கீற. பாட்டில்ல கோடு போட்டு வச்சிகீற. மேடை தொடைக்கசொல்ல கூட நான் அத்தத் தொடறதில்ல."

உள்ளறையிலிருந்து மனைவி சிரிப்பது கேட்டது.

அடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாவடு ஜாடி ஒன்று அகப்பட்டது. உப்பு தாகத்தைக் கூட்டும். வழக்கு முடிந்தது என்று ஜாடியைக் குப்பையில் போட்டேன். அடுத்த வாரமும் எடை ஏறியிருந்தது. எடைக் கருவி பழுதாக இருக்கும் என்று மகள் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அதுவும் மையத்துக் கருவியோடு ஒத்துப்போயிற்று.

ஒரு நாள் காலை, வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். எங்கள் பச்சை வலையின் கயிறு அறுந்து பக்கத்துக் கட்டடத்து கேபிளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறதாம். மேலே போனேன். மாடிக் கதவு திறந்தே இருந்தது.

வெள்ளை டிரம்மின் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் மக். அதில் மொண்டு கத்தரியின் வேரில் ஊற்றினாள். மறுபடி மொண்டாள். இந்த முறை மக்கை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. தொண்டை ஏறி இறங்கியது. மோவாய் வழியாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்து அந்தக் கையையும் நக்கினாள். பிறகு வெண்டைக்கு ஒரு மக். பிறகு தனக்கு.

அவளை அப்படி ஒரு நிம்மதியோடு நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. வலைக் கயிறு அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பியவள் என்னைப் பார்த்தாள். மக்கைக் கீழே வைக்கவில்லை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"வெயில் ஆரம்பிச்சதுலேருந்து."

"செத்துப்போயிடுவே."

"தெரியும். ரெண்டு வருஷமா அதைத்தானே வாரத்துக்கு மூணு தடவை ஒத்திப்போட்டுட்டு வரேன்."

"தாகம் எடுத்தா ஐஸ் கட்டி வாயில போட்டுக்கச் சொன்னாங்க இல்ல? எலுமிச்சையை முகர்ந்து பாக்கச் சொன்னாங்க இல்ல?"

"நீங்க முகர்ந்து பாருங்க" என்றாள். "ஒரு நாள் முழுக்க முகர்ந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மாடிக் கதவைப் பூட்டினேன். சாவியைப் பூணூல் போல எப்போதும் உடம்போடு வைத்துக்கொண்டேன் என்று மகள் பின்னால் கேலி செய்தாள். உண்மையில் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு மாறியது. காலையும் மாலையும், ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்று சீராக ஊற்றினேன். கொத்தவரைக்கும் மல்லிக்கும் ஒரே அளவு. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்யும் சோப்பும் கலந்து மதியத்தில் தெளித்தேன். வெயிலில் தெளித்தால் இலை வெந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செம்பருத்தி இரண்டு நாளில் கறுத்தது. கத்தரி கீழிலையை உதிர்த்தது.

அவள் எடை சரியாகிவிட்டது. டெக்னீஷியன் பெண் பாராட்டினாள். மருத்துவர் என்னைப் பார்த்து, நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறைதான் காரணம் என்றார். மனைவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பாட்டைக் கிளறிவிட்டு நகர்த்துவாள். நாக்கு தோல் போல உலர்ந்து, பேசும்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் கேட்காத மாதிரி இருந்தேன். மாலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது என் கையைப் பார்ப்பாள். ஈரமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வண்டி வந்து கீழே நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வரல."

"வண்டி வந்தாச்சு."

"போகச் சொல்லுங்க."

ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும், அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான். அவள் முழுவதும் கேட்டாள். நாற்பது வருடம் தலையில் ஹெட்போன் மாட்டி அடுத்தவர்கள் முடிக்கும்வரை காத்திருந்த பழக்கம் அது.

"முடிச்சிட்டீங்களா?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மகளுக்குப் போன் செய்தேன். மாம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகில் நின்றாள்.

"அம்மா, நாலு கத்தரிச் செடிக்காகவா இந்த அடம்?"

"செடிக்காக இல்லடி."

"பின்ன எதுக்கு?"

அவள் எழுந்து உட்காரச் சற்று நேரம் பிடித்தது. "நான் ஒரு வாய் காபி குடிச்சா, அதே அளவு தண்ணிய என் கண்ணு முன்னாடி உங்கப்பா அந்தக் கொடியில ஊத்தறாரு. நான் குடிக்கற ஒவ்வொரு வாயையும் யாரோ எழுதிக்கறாங்க. ஆஸ்பத்திரியில ஏறினா திட்டு, இறங்கினா பாராட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி. மேல ஒரு இடத்துல மட்டும் யாரும் அளக்காம இருந்துச்சு. அதையும் பூட்டியாச்சு. சரி. பூட்டினவரே எல்லாத்தையும் பாத்துக்கட்டும்."

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் மையத்துக்குப் போன் செய்து ஞாயிறன்று இடம் கேட்டேன். கிடைத்தது. ஞாயிறும் அவள் வரவில்லை.

திங்கட்கிழமை விடியும்போது மூச்சுவிட முடியாமல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு ஒலி. ஆம்புலன்ஸ் வந்தது. அடையாறு பாலத்தில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை, ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் என்னிடம் படிவங்களைக் கொடுத்தார்கள். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் பூர்த்தி செய்தேன். காப்பீட்டு மேசையில் இருந்தவர், இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்று சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தில் முகமூடியைக் கட்டி, நான்கு பேர் அவளை உட்கார்த்திப் பிடித்திருந்தார்கள்.

பிழைத்தாள். அவசர டயாலிசிஸில் தண்ணீரை எடுத்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் மருத்துவர். இன்னொரு முறை இப்படி வந்தால் உறுதி சொல்ல முடியாது. தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும். வராமல் இருக்கவே கூடாது.

"வர மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"கட்டாயப்படுத்த முடியாது சார். சுயநினைவோட இருக்கறவங்க. அவங்க முடிவு." சற்று யோசித்துவிட்டு, "வீட்ல பேசுங்க" என்றார்.

இதுதான் அந்தக் கோடை முழுவதும் என் கைக்கு வந்து சேர்ந்த விஷயம். அவள் டயாலிசிஸுக்குப் போனால் உயிரோடு இருப்பாள். போவாளா என்பது அவள் கையில் இருந்தது. மேல்முறையீடு செய்ய இடமில்லை.

அடுத்த ஞாயிறன்று வீட்டுக்கு வந்தபின் மகள் தோட்டத்தை ஒழித்துவிடலாம் என்றாள். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டும் விட்டாள். அதுவரை எங்கள் தொட்டிகளால் கொசு வருகிறது என்று புகார் சொன்ன இரண்டாம் தளத்துக்காரர்தான் முதலில் மல்லியைக் கேட்டார். மனைவி கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டாள். "ஒரு விஷயம் பேசணும். உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இனிமே எனக்குக் காபி வேணாம். ரசம் வேணாம், மோர் வேணாம். மாத்திரைக்கு மட்டும் தண்ணி. பாட்டிலை எடுத்து உள்ள வச்சிடுங்க."

காபியை அவள் விடுவாள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பிரசவ வார்டிலும் டிகாக்‌ஷன் கேட்டவள்.

"பதிலுக்கு?" என்றேன்.

"காலையில என்னை மேல கூட்டிட்டுப் போங்க. அங்க நான் கேட்கற தண்ணியக் குடுக்கணும். அளக்கக் கூடாது. எழுதக் கூடாது. அப்புறம் கீழ வந்து கொடியில ஊத்தக் கூடாது."

"டாக்டர் கேட்டா என்ன சொல்றது?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எந்த ஆபீஸ்ல என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக்குடுக்கறவர் நீங்க."

"சம்மதிக்கலைன்னா?"

"சம்மதிக்கலைன்னா செவ்வாய்க்கிழமை வண்டி வரும். நீங்க போயிட்டு வாங்க."

வாசற்படியில் நின்றிருந்த மகள், "அம்மா, இதுக்குப் பேரு பிளாக்மெயில்" என்றாள்.

"ஆமா" என்றாள் அவள்.

நான் எத்தனையோ பேச்சுவார்த்தைகளின் குறிப்பை எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அப்போதுதான் நடக்கும். அவளிடம் கொடுக்க மிச்சம் இருந்தது காபி மட்டும்தான், அதைக் கொடுத்துவிட்டாள். என் மனம் கணக்குப் போட்டது. காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்தால் எவ்வளவு, மாடி மக் எவ்வளவு. கணக்கு சரியாக வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் என் பக்கம் நிற்பாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காலியான ஒரு வண்டியை அனுப்பி வைப்போம்.

"சரி" என்றேன்.

மறுநாள் வேலைக்கு வருகிறவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவளை ஏற்றினோம். படிக்கட்டின் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, மூச்சு வாங்கியபின் மறுபடி தூக்கினோம்.

"நீ மெதுவா ஏறும்மா. மேல இன்னா பஸ்ஸா போயிடப்போவுது?" என்றாள் வேலைக்கு வருகிறவள்.

மேலே போய் மனைவி சுற்றிலும் பார்த்தாள். செம்பருத்தி விறகாகியிருந்தது. தக்காளி போய்விட்டது. கொத்தவரை மட்டும் என்னையும் மீறிக் காய்த்திருந்தது.

"கோட்டையிலயும் இப்படித்தான் வேலை பாத்தீங்களா?" என்றாள்.

வேலைக்கு வந்தவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் காய்ந்த கிளைகளை ஒடித்துப் போட்டேன். எதற்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று நாற்காலியிலிருந்தே சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. கத்தரிக்கு நின்று ஊறட்டும். மல்லியை இரண்டு நாள் வாடவிட்டு அப்புறம் ஊற்ற வேண்டும். கடைசியில் கையை நீட்டினாள். மக்கை நிரப்பிக் கொடுத்தேன்.

குடித்தாள். நான் மந்தைவெளிப் பக்கம் நின்றிருந்த கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அளக்கவில்லை. ஆனால் அளந்து பழகிய காது, விழுங்கும் சத்தத்தை எண்ணியது. மறுபடி கையை நீட்டினாள். மறுபடி கொடுத்தேன். உன் உயிரைக் குடிக்கிறாய் என்று சொல்லலாம். அந்த உயிரை வேண்டாம் என்று போன வாரம் சொன்னவளும் அவள்தான். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. அவளே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

மையத்தில் எடையைப் பார்த்த டெக்னீஷியன் பெண்ணின் முகம் மாறியது. "அம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ரெண்டு நாள்தானே ஆச்சு. தண்ணி குடிச்சீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் குடுத்தேன்."

"நீங்களா சார்?"

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, இயந்திரத்தில் எடுக்க வேண்டிய அளவைக் கூட்டி வைத்தாள். மருத்துவரிடம் சொல்லப்போகிறாள். சொல்லட்டும்.

மூன்றாவது மணி நேரத்தில் மனைவியின் இடது கெண்டைக்காலில் தசை முறுக்கிக்கொண்டது. தோலுக்கடியில் எலி ஓடுவது போலச் சதை குதித்தது. வாய் கோணியது, சத்தம் வரவில்லை. அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"கொஞ்சம் சலைன் விடறேன்ம்மா, உடனே நின்னுடும். இன்னிக்கு இவ்வளவு எடுத்தது போதும், நிறுத்திக்கலாம்."

சலைன் என்றால் உடம்புக்குள் மறுபடி தண்ணீர். மனைவி தலையை ஆட்டி மறுத்தாள்.

"விடாதே. முழுசா எடுத்துடு."

"வலிக்கும்மா."

"எடுத்துடு. அப்பதான் நாளைக்குக் காலையில குடிக்க முடியும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அனுமதி கேட்பது போல. அனுமதி கொடுக்க நான் யார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மனைவியின் பாதத்தை என் மடியில் தூக்கி வைத்து, விரல்களை முழங்காலைப் பார்த்து மடக்கி அழுத்திப் பிடித்தேன். தசை என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் எடுக்க வேண்டிய அளவில் கால் பங்குக்கு மேல் இன்னும் பாக்கி இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.